‘முடியுமா?’ வேறு, ‘செய்யலாமா?’ வேறு: தொழில்நுட்பக் கொள்கை வாதத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

2017 ஜூலையில், அப்போது ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த மால்கம் டர்ன்புல்லிடம் ஒரு செய்தியாளர் கேட்டார்: செய்தி அனுப்பும் செயலிகளின் பூட்டைத் திறந்து கொடுக்கச் சொல்கிறீர்களே, கணித விதிப்படி அது நடக்காத காரியம் ஆயிற்றே? கணித விதிகள் பாராட்டுக்குரியவைதான், ஆனால் ஆஸ்திரேலியாவில் செல்லுபடியாகிற ஒரே விதி ஆஸ்திரேலியச் சட்டம்தான் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். மென்பொருள் எழுதுகிறவர்கள் உலகம் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த ஆண்டு டிசம்பரில், அப்படி உதவச் சொல்லி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் நிறைவேறிவிட்டது.

அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகும் ‘எங்களால் முடியாது’ என்று கைவிரிக்கும்படி ஒரு நிறுவனம் தன் பொருளை அமைத்துக்கொள்ள விடலாமா என்பதுதான் அவர் எழுப்பிய கேள்வி. அது ‘செய்யலாமா?’ வகைக் கேள்வி. நாங்கள் ‘முடியுமா?’ என்பதற்குப் பதில் வைத்துக்கொண்டு சிரித்தோம். அவரும் ‘முடியுமா?’ என்ற பக்கத்தைக் கையசைத்துத் தள்ளிவிட்டார். மென்பொருளும் அரசுக் கொள்கையும் உரசுகிற இடத்தில் நடக்கும் சண்டைகளில் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது. இரண்டு தரப்பும் இரண்டு வேறு கேள்விகளுக்குக் குரலை உயர்த்திப் பதில் சொல்லும்.

இந்த வாதங்களில் இறங்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, சட்டம் படித்திருக்கவும் வேண்டாம். வரிசையாகச் செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு. வரிசையை மாற்றினால் நேரம்தான் வீண்.

முதலில் சண்டையைச் சின்னதாக்குங்கள்

‘செயற்கை நுண்ணறிவு நல்லதா கெட்டதா’, ‘அரசு தொழில்நுட்பத்தில் தலையிடலாமா’ என்று தொடங்கும் பேச்சு விடிய விடிய ஓடும், எங்கும் போய்ச் சேராது. உங்கள் கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள். அதில் யார், எதை, எந்தத் தேதியிலிருந்து செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பது இருக்க வேண்டும். எழுத வரவில்லை என்றால் வாதாட இன்னும் ஒன்றும் இல்லை என்று பொருள்.

சார்ஜர் விவகாரம் இதற்கு நல்ல பயிற்சி. ‘கருவியின் வடிவமைப்பை அரசு தீர்மானிக்கலாமா?’ என்பது முடிவில்லாத கேள்வி. ‘2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் புதிய கைபேசிகளில் யூஎஸ்பி-சி துளை இருக்க வேண்டும், மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 முதல்’ என்பது பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உள்ள கேள்வி. இந்த அளவுக்குச் சுருக்கியதும் நல்ல எதிர்வாதம் தானாக எழும்பி வரும். 2009-ல் முன்னணி நிறுவனங்கள் மைக்ரோ யூஎஸ்பி என்ற பழைய வகைத் துளைக்குத் தாமாக ஒப்புக்கொண்டன. அன்று அதையே சட்டமாக்கி இறுக்கியிருந்தால் அதைவிட மேலான யூஎஸ்பி-சி கைபேசிகளுக்கு வந்திருக்குமா? யோசிக்க வைக்கிற கேள்விதான். அதற்குப் பதில், தொழில்நுட்பம் மாறினால் எந்தத் துளை என்பதைத் திருத்தும் அதிகாரத்தை அந்தச் சட்டமே ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்துக்குக் கொடுத்திருக்கிறது என்பது. அப்படியானால் அடுத்த கேள்வி, ஆணையம் எவ்வளவு வேகமாகத் திருத்தும்? பாருங்கள், நாலே வரியில் ‘அரசா சந்தையா’ என்ற மேடைப் பேச்சிலிருந்து ஒரு திருத்தப் பிரிவின் வேகத்துக்கு வந்துவிட்டோம். இனிமேல்தான் வாதம்.

மூல உரையை வாசியுங்கள், வரையறையிலிருந்து

செய்தியை வாசித்துவிட்டு வாதாடாதீர்கள். செய்தியின் தலைப்பை மட்டும் வாசித்துவிட்டு நிச்சயமாக வேண்டாம். சட்ட வரைவோ விதியோ எதுவானாலும் மூலத்தைத் தேடி எடுங்கள். நூறு பக்கம் இருக்கும், பயப்படாதீர்கள். முதலில் வாசிக்க வேண்டியது வரையறைப் பகுதி. அப்புறம் விதிவிலக்குகள். அப்புறம் தண்டனை, நடைமுறைக்கு வரும் நாள். நடுவில் உள்ளதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வாசிக்கும்போது ‘வேண்டும்’ என்று முடியும் வாக்கியத்தையும் ‘லாம்’ என்று முடியும் வாக்கியத்தையும் தனித்தனி நிறத்தில் கோடிடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தெளிந்துவிடும்.

வரையறை ஏன் முதலில்? ஆஸ்திரேலியச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். எந்த நிறுவனத்தையும் ‘அமைப்பு முழுவதுக்குமான பலவீனம்’ ஒன்றைத் தன் பொருளில் நுழைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. சிரித்தவர்களில் பலருக்கு அது தெரியாது. அப்படியானால் பயப்பட ஒன்றுமில்லை என்று தோன்றும். அடுத்து வரையறையைப் பார்க்க வேண்டும். ஒரு வகைத் தொழில்நுட்பம் முழுவதையும் பாதிப்பதுதான் அத்தகைய பலவீனமாம். குறிப்பிட்ட ஒருவரோடு தொடர்புள்ள கருவியில் மட்டும் தேர்ந்தெடுத்து நுழைப்பது அதில் சேராதாம். ஒருவருடைய கருவிக்கென்று செய்து வைத்த வழி மற்றவர்களுடைய கருவிகளுக்குப் பரவாது என்று யார் உறுதி சொல்வது? சண்டையின் கரு இந்த ஒரே வரிதான். ‘கணிதத்தை எதிர்க்கிறார்’ என்று கேலி செய்துகொண்டிருந்த யாரும் இந்த வரி வரைக்கும் வந்திருக்க முடியாது.

இன்னொன்று குக்கீ, அதாவது இணையதளம் உங்கள் கருவியில் சேமித்து வைக்கும் சிறு தகவல், பற்றிய அறிவிப்பு. எந்த இணையதளத்துக்குப் போனாலும் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தச் சொல்லும் அந்தத் தொல்லைக்குப் பழி முழுவதும் 2018-ல் நடைமுறைக்கு வந்த ஜிடிபிஆர் என்ற ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் மேல் விழுகிறது. பயனரின் கருவியில் தகவலைச் சேமிக்க ஒப்புதல் வேண்டும் என்ற விதி அதற்கு முந்தியது. 2002-ல் வந்த மின்தனியுரிமை நெறிமுறையை 2009-ல் திருத்தியபோது வந்தது. ஒப்புதல் என்றால் உண்மையான ஒப்புதலாக இருக்க வேண்டும் என்று இறுக்கியது மட்டும்தான் ஜிடிபிஆர். சேவைக்குக் கட்டாயம் தேவையான குக்கீகளை மட்டும் வைக்கிற தளம் எதையும் கேட்கவே வேண்டியதில்லை. திரையை மறைக்கும் பலகை என்பது பின்தொடரும் விளம்பரத்தை விட மனமில்லாதவர்கள் தேர்ந்தெடுத்த வழி. சட்டம் இதைவிட நன்றாக எழுதப்பட்டிருக்கலாம் என்று நீங்கள் வாதாடலாம், நானும் சேர்ந்துகொள்வேன். ஆனால் எந்தச் சட்டம் என்றாவது சரியாகச் சொல்லிவிட்டு வாதாடுவோம்.

பொருள் எப்படி இயங்குகிறது: எவ்வளவு தெரிந்தால் போதும்?

புதியவர்கள் இரண்டு பக்கமும் தவறுகிறார்கள். ஒரு சாரார் ‘எனக்குத் தொழில்நுட்பம் தெரியாது’ என்று ஒதுங்குகிறார்கள். இன்னொரு சாரார் ஆறு மாதம் பாடப் புத்தகம் படித்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு வருவதே இல்லை. என் அளவுகோல் இது: தாளும் பேனாவும் இல்லாமல், அந்தத் துறையைச் சேராத ஒருவருக்கு ஐந்து நிமிடத்தில் விளக்க முடிந்தால் போதும். விளக்கி முடித்ததும் அவர் கேட்கும் முதல் கேள்விக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

மறையாக்கத்தை, அதாவது எல்லோரும் என்கிரிப்ஷன் என்று சொல்வதை, எடுத்துக்கொண்டு கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். இந்தத் துறையில் மிகப் பழைய சண்டை அதுதான், கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

முனைக்கு முனை மறையாக்கத்தில் திறவுகோல்கள் பேசிக்கொள்ளும் இருவருடைய கைபேசிகளிலும் மட்டும் இருக்கும். நடுவில் உள்ள நிறுவனத்தின் கணினி மூடிய பெட்டியைச் சுமந்து போகிறது. உள்ளே என்ன என்று அதற்கே தெரியாது. ‘காவல்துறைக்கு மட்டும் திறக்கட்டும்’ என்று ஒருவர் சொன்னால் அவர் சொல்வது மூன்றில் ஒன்று. மூன்றாவது திறவுகோல் ஒன்றைச் செய்து எங்கோ பத்திரமாக வைப்பது; பெட்டியை மூடுவதற்கு முன்பே கைபேசிக்குள் சோதிப்பது; உரையாடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆளைச் சேர்ப்பது. மூன்றின் ஆபத்தும் வேறு வேறு. எதைச் சொல்கிறார் என்று கேட்காமல் ஆமாம் என்றும் சொல்லாதீர்கள், இல்லை என்றும் சொல்லாதீர்கள்.

கேட்டுவிட்டு வரலாற்றைப் பாருங்கள். முதல் வழியை அமெரிக்க அரசு 1993-ல் கிளிப்பர் சில்லு என்ற பெயரில் முயன்றது. தொலைபேசி உரையாடலைப் பூட்டும் சில்லு அது. திறவுகோலின் நகல் அரசிடம் இருக்கும். 1994-ல் மேட் பிளேஸ் என்ற ஆய்வாளர் அதில் ஓர் ஓட்டையைக் காட்டினார். அரசு நுழைவதற்கான பகுதியைச் சரிபார்க்க 16 பிட் என்ற மிகச் சிறிய அளவுக்குத்தான் சோதனை இருந்தது. முயன்று பார்த்தே ஏமாற்றிவிடலாம். பூட்டைப் பயன்படுத்திக்கொண்டு அரசின் வாசலை மட்டும் அடைத்துவிட முடிந்தது. இரண்டே ஆண்டுகளில் திட்டம் படுத்துவிட்டது. அதே காலத்தில் வெளிநாட்டுக்குப் போகும் மென்பொருளில் பூட்டின் வலுவைக் குறைத்தே வைக்க வேண்டும் என்று விதி இருந்தது. விதி போய்விட்டது, குறைத்து வைத்த பூட்டு போகவில்லை. 2015-ல் வெளிப்பட்ட ஃப்ரீக் என்ற தாக்குதல், இணையக் கணினிகளில் மறந்துபோய்க் கிடந்த அந்தப் பழைய பலவீனத்தை வைத்தே நடந்தது. கிரேக்க நாட்டில் 2004-05-ல் நடந்தது இன்னும் மோசம். ஓர் அலைபேசி வலையமைப்பில், சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்காக இருந்த மென்பொருள் வசதியை யாரோ களவாக இயக்கி, பிரதமர் உட்பட நூறு பேருக்கும் மேற்பட்டவர்களின் பேச்சைக் கேட்டிருக்கிறார்கள்.

சரி, வாதம் முடிந்ததா? இல்லை. ‘நல்லவர்களுக்கு மட்டும் திறக்கும் கதவு முடியுமா?’ என்பதற்கு வரலாறு ‘மிகவும் கஷ்டம்’ என்று சொல்கிறது, அவ்வளவுதான். குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களைத் துப்பறிகிறவர்களின் கையறு நிலை உண்மையானது. அதைக் கேட்டுவிட்டு ‘கணிதம் அப்படி’ என்று தோளைக் குலுக்குகிறவரை அவர்கள் மனிதராகவே மதிக்க மாட்டார்கள், மதிக்கவும் தேவையில்லை. அவர்களுக்குச் சொல்ல ஏதாவது கையில் இருக்க வேண்டும். 2020-ல் பிரெஞ்சு, டச்சுக் காவல்துறையினர் குற்றக் கும்பல்கள் பயன்படுத்திய என்க்ரோசாட் என்ற கைபேசி வலையமைப்புக்குள் நுழைந்து செய்திகளை வாசித்தார்கள். அதற்காக மற்றவர்களுடைய கைபேசிகளின் பூட்டு எதையும் பலவீனமாக்கவில்லை. அந்த வழியிலும் சட்டச் சிக்கல்கள் எழுந்தன. ஆனாலும் ‘வேறு வழி இல்லை’ என்பதற்கு அது ஒரு பதில்.

இனி இரண்டு கேள்விகளையும் பிரித்து வையுங்கள்

தாளை நடுவில் மடித்து, ஒரு பக்கம் ‘முடியுமா?’, மறுபக்கம் ‘செய்யலாமா?’ என்று எழுதி, கேள்விப்பட்ட ஒவ்வொரு வாதத்தையும் ஏதாவது ஒரு பக்கத்தில் போடுங்கள். கேட்கச் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும். செய்து பார்த்தால் எவ்வளவு வாதங்கள் தவறான பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருக்கின்றன என்று தெரியும்.

வாக்குப்பதிவு எந்திர விவாதத்தில் இது பளிச்சென்று தெரியும். 2009 மார்ச்சில் ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம், அந்த நாட்டின் 2005 தேர்தலில் பயன்பட்ட கணினி வாக்கு எந்திரங்கள் அரசியல் சாசனத்துக்கு ஒவ்வாதவை என்று தீர்ப்பளித்தது. எந்திரத்தில் யாரும் தில்லுமுல்லு செய்ததாக நிரூபணம் ஆகவில்லை, தேர்தலும் செல்லும் என்றே விட்டார்கள். நீதிமன்றம் கேட்டது வேறு: தேர்தலின் முக்கியமான கட்டங்களைத் தனித்த தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரணக் குடிமகன் தானே சரிபார்க்க முடியுமா? முடியாது என்றால் அந்த எந்திரம் எவ்வளவு பத்திரமானது என்பது பொருட்டே இல்லை. ‘நாங்கள் சோதித்துவிட்டோம், நம்புங்கள்’ என்று வந்த பொறியாளருக்கு அங்கே பேச இடமே இல்லாமல் போனது.

எஸ்தோனியா 2005 முதல் இணையம் வழியாக வாக்களிக்க விடுகிறது. 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கும் அதிகமான வாக்குகள் அப்படித்தான் விழுந்தன. பக்கத்தில் நின்று ஒருவர் மிரட்டி வாக்களிக்க வைத்தால்? அதற்காக எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி வாக்களிக்கலாம், கடைசி வாக்குதான் கணக்கு, காகிதத்தில் போட்டால் அது இணைய வாக்கைத் தள்ளிவிடும் என்று விதி வைத்திருக்கிறார்கள். புத்திசாலித்தனமான விதி. என்றாலும் நான் ஜெர்மன் நீதிமன்றத்தின் பக்கம்தான். தோற்றவரை ‘தோற்றேன்’ என்று நம்ப வைக்க வேண்டியது தேர்தலின் முக்கால் வேலை, அந்த வேலையைக் மறையாக்கக் கணக்கால் செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம். ஆனால் நாம் இருவரும் மோதுவது ‘செய்யலாமா?’ பக்கத்தில் என்பதைத் தெரிந்துகொண்டு மோதுவோம்.

எண் வந்தால், எத்தனை பேரில் என்று கேளுங்கள்

‘99.9 சதவீதம் துல்லியம்’ என்று யாராவது சொன்னால் உடனே ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு நாளில் ஒரு லட்சம் பேர் கடந்து போகும் இடத்தில் முகம் அறியும் கேமரா வைக்கிறார்கள். ஆயிரத்தில் ஒருவரைத் தவறாகக் கைகாட்டும். அந்தக் கூட்டத்தில் உண்மையாகவே தேடப்படுகிறவர்கள் 10 பேர், 10 பேரையும் எந்திரம் பிடித்துவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். மணி அடித்தது 110 முறை. அதில் நூறு பேர் ஒன்றும் செய்யாதவர்கள். துல்லியம் என்று விளம்பரத்தில் சொன்னது பொய் இல்லை. ஆனால் மணி அடித்ததும் ஓடி வரும் காவலர் பத்துக்கு ஒன்பது தடவை தப்பான ஆளைத்தான் பிடிப்பார். மக்கள் அனுப்பும் செய்திகளைச் சோதித்துப் பார்க்கும் மென்பொருளுக்கும், மோசடியைக் கண்டுபிடிக்கும் மென்பொருளுக்கும் இதே கணக்குத்தான். தேடப்படுவது அரிதாக இருக்க இருக்க, தவறான மணிகள் உண்மையானவற்றை மூழ்கடிக்கும். தொழில்நுட்பக் கொள்கையில் வாதாட இந்த ஒரு கணக்கு மட்டும் மனப்பாடமாக இருந்தால் பாதி நாள் ஓட்டிவிடலாம்.

கெட்டுப்போனால் யார் தலையில் விடியும்?

‘முடியுமா’, ‘செய்யலாமா’ இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வந்த பிறகும் இதைக் கேட்காமல் விடாதீர்கள். எந்தத் திட்டம் என்றாலும், அது தவறும் நாளில் நஷ்டப்படுகிறவர் யார், தவறு என்று நிரூபிக்க வேண்டியவர் யார்?

ஐக்கிய இராச்சியத்தின் அஞ்சல் நிலையங்களில் 1999-லிருந்து ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் ஓடியது. இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. 2015 வரையான காலத்தில் கிளை அஞ்சலகங்களை நடத்திவந்த 900-க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு என்று குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். 2024-ல் தனிச் சட்டம் போட்டுத்தான் தண்டனைகளை ஒட்டுமொத்தமாக ரத்து செய்ய முடிந்தது. மென்பொருளில் பிழை இருந்தது என்பதோடு கதையை முடித்துவிடுவார்கள். பிழை எல்லா மென்பொருளிலும்தான் இருக்கிறது. நான் பார்க்கச் சொல்வது சட்டத்தை. இங்கிலாந்தில் 1984-லிருந்து ஒரு விதி இருந்தது: கணினி தந்த பதிவைச் சாட்சியமாக வைக்கிறவர் அது ஒழுங்காக வேலை செய்தது என்று காட்ட வேண்டும். வழக்குகளுக்கு அது வீண் சுமை என்று 1999-ல் இயற்றிய சட்டத்தால் எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு, மாறாக ஏதும் தெரியாவிட்டால் கணினி சரியாக இயங்கியது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். கடைசியில் ஒரு சிற்றூர் அஞ்சலகக்காரர், தான் பார்க்கவே முடியாத நிரலில் பிழை இருக்கிறது என்று காட்ட வேண்டிய நிலை. அந்த விதியை நீக்கிய அன்று யாராவது ‘கெட்டுப்போனால் யார் தலையில்?’ என்று உரக்கக் கேட்டிருக்க வேண்டும்.

இதே கேள்வி என்னையே ஒருமுறை மடக்கியிருக்கிறது. பல வருஷம் முன்பு, வேலை செய்த இடத்தில் நிரலை யாரும் பார்க்கவும் திருத்தவும் விடுகிற திறந்த மூல மென்பொருளுக்கு மாற வேண்டும் என்று அரை மணி நேரம் ஆவேசமாகப் பேசினேன். உரிமக் கட்டணம், சுதந்திரம், எல்லாம் சொன்னேன். கணக்குப் பிரிவில் இருந்த ஓர் அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘எல்லாம் சரி தம்பி, மாசக் கடைசி ராத்திரி நின்னுபோச்சுன்னா யாருக்கு போன் போடணும்?’ என்றார். என்னிடம் பதில் இல்லை. பதில் இருக்கிறது என்பதும், அதை விலை கொடுத்து வாங்கலாம் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு வாதம் தோற்றது தோற்றதுதான்.

எதிர்த் தரப்பைச் சொல்லிக் காட்டுங்கள்

எதிரில் இருப்பவரின் நிலைப்பாட்டை நீங்களே சொல்லி, அவர் ‘ஆமாம், அதைத்தான் சொல்கிறேன்’ என்று தலையாட்ட வேண்டும். அதற்கு முன்னால் உங்கள் பக்கத்தைத் தொடங்காதீர்கள். இதைப் பழக ஒரு வழி, இரண்டு தரப்பும் சொந்தம் கொண்டாடுகிற கதைகளை எடுத்துக்கொள்வது.

ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-ல் விண்டோஸை விட்டு, திறந்த மூல இயங்குதளமான லினக்ஸுக்கு மாற முடிவெடுத்தது. 2013 வாக்கில் சுமார் 15,000 கணினிகள் மாறியிருந்தன. 2017-ல் விண்டோஸுக்கே திரும்ப நகர மன்றம் வாக்களித்தது. 2020-ல் வந்த கூட்டணி, இயன்ற இடங்களில் திறந்த மூலம் என்று மறுபடி எழுதி வைத்தது. ஒருவர் இதைச் சொல்லி ‘அரசு அலுவலகத்துக்கு லினக்ஸ் சரிப்படாது’ என்பார். இன்னொருவர் ‘மேயர் மாறினார், அரசியல் மாறியது, மென்பொருளில் குறை இல்லை’ என்பார். இரண்டு பேருமே தங்களுக்கு வேண்டிய ஆண்டில் கதையை நிறுத்திக்கொள்கிறார்கள், கவனியுங்கள்.

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் சிறிய திறந்த மூல நிரலில் பின்வாசல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதும் அதே வகை. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர், தொலைக் கணினிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டப் போய்ப் பிடித்தார். ‘நிரல் திறந்திருந்ததால்தான் பிடிபட்டது’ என்பது ஒரு பக்கம். ‘உலகமே நம்பியிருக்கும் நிரலைத் தனியாளாகச் சுமந்து களைத்துப்போன ஒருவரிடம், இரண்டு ஆண்டுகள் நல்லவராக நடித்து ஒருவர் பொறுப்பைப் பறித்துக்கொண்டார்’ என்பது மறுபக்கம். ‘அப்படியானால் மூடிய மென்பொருளே மேல்’ என்று முடிக்கப் பார்த்தால், நாலே மாதத்தில் மூடிய பாதுகாப்பு மென்பொருள் விற்கும் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் ஒரு தவறான புதுப்பிப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் சாய்த்தது. உங்களுக்குப் பிடித்த உதாரணத்தை எதிர்த் தரப்பு எப்படிச் சொல்லும் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு அப்புறம் வெளியே எடுங்கள்.

இங்கேயே ஒரு சோதனையும் வைத்துக்கொள்ளலாம். ‘என்ன காட்டினால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்?’ என்று அவரிடம் கேளுங்கள். ஒன்றும் இல்லை என்றால் அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால், எழுந்து போய்விடலாம். அதற்கு முன் அதே கேள்வியை உங்களிடம் கேட்டிருக்க வேண்டும், அது முக்கியம்.

எழுதி அனுப்புவது

அரசோ ஒழுங்குமுறை ஆணையமோ வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்கும்போதுதான் இத்தனை உழைப்புக்கும் பயன். யாரோ எழுதிய மாதிரிக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பாதீர்கள். 2017-ல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்துக்கு நெட் நியூட்ராலிட்டி, அதாவது இணைய இணைப்புத் தருகிறவர்கள் எல்லாத் தளங்களையும் பாரபட்சமில்லாமல் நடத்த வேண்டும் என்ற விதி, பற்றி 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன. ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் போலி என்று நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் 2021-ல் அறிக்கை கொடுத்தார். சுமார் 85 லட்சம், விதியை நீக்கச் சொல்லி அகலப்பட்டை நிறுவனங்களின் காசில் நடந்த பிரசாரத்தில் வந்தவை. 77 லட்சம், விதியைக் காக்கச் சொல்லி 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் நிரல் எழுதிக் குவித்தவை. இந்தக் குவியலுக்குள் உண்மையான ஒருவரின் நாலு வரி என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு பக்கம் போதும். எந்தப் பிரிவு, அது யாரை எப்படித் தொடும், உங்களுக்கு எப்படித் தெரியும், அதற்குப் பதில் என்ன சொற்களைப் போட வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் எல்லோரும் விட்டுவிடுவது. ‘இந்தச் சட்டமே வேண்டாம்’ என்ற கடிதத்தை வைத்துக்கொண்டு வரைவு எழுதும் அதிகாரியால் ஒன்றும் செய்ய முடியாது. மாற்றுச் சொற்றொடரைக் கொடுத்தால் அவருக்குக் கையில் ஒரு பொருள் கிடைக்கிறது.

இப்படிச் செய்து பலன் கிடைத்த கதை ஒன்று உண்டு. 2022 செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையம் சைபர் பாதுகாப்புக்காக ஒரு சட்ட வரைவைக் கொண்டுவந்தது. மென்பொருள் விற்கிறவர் அதன் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பது அதன் சாரம். வணிக நோக்கம் இல்லாத திறந்த மூலத்துக்கு விலக்கு இருந்தது. ஆனால் எது வணிகம்? நன்கொடை வாங்கினால்? கட்டணத்துக்கு உதவி செய்து கொடுத்தால்? இலவசமாக நிரல் தருகிற அறக்கட்டளைகள் பெரிய நிறுவனங்களுக்கு உரிய சுமையோடு மாட்டிக்கொள்ளும் அபாயம். அவை ‘எங்களைத் தொடாதே’ என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. 2023-ல் பகிரங்கக் கடிதம் எழுதி, எந்தச் சொல் யாரைச் சிக்க வைக்கிறது என்று விளக்கி, வரைவு எழுதுகிறவர்களோடு உட்கார்ந்து பேசின. 2024-ல் வெளியான இறுதிச் சட்டத்தில் திறந்த மூல மென்பொருளின் காப்பாளர் என்று ஒரு தனி வகையே வந்திருந்தது. கடமைகள் குறைவு, அபராதம் கிடையாது. எல்லோருக்கும் திருப்தி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வரையறை மாறியது.

அனுப்பிய பிறகும் கொஞ்சம் வேலை பாக்கி. இறுதி உரை வந்ததும் வரைவையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலில் வரையறைப் பகுதியில், எந்தச் சொல் போயிற்று, எந்தச் சொல் வந்தது என்று பாருங்கள். நீங்கள் சுட்டிய பிரிவு அப்படியே இருக்கலாம். விதிவிலக்கு ஒன்று சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கலாம். எந்தெந்தப் பிரிவு எந்தெந்த நாளில் நடைமுறைக்கு வருகிறது, எத்தனை ஆண்டுக்குப் பிறகு மறுபரிசீலனை என்று கடைசிப் பக்கங்களில் இருக்கும். அந்தத் தேதிகளைக் குறித்துக்கொண்டு, இரண்டாக மடித்த அந்தப் பழைய தாளையும் அதோடு சேர்த்து வையுங்கள். மறுபரிசீலனை வரும்போது ‘முடியுமா?’ பக்கத்தில் இருந்த சில வரிகளை அடித்துவிட்டு வேறு எழுத வேண்டியிருக்கும்.